வலப்பக்க வயிற்றுவலியின் வரலாறு

உங்கள் சுட்டுவிரலைத் தொப்புளின் மேல் வையுங்கள். அங்கிருந்து வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனை வரை ஒரு நேர்கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எலும்பின் முனையிலிருந்து அந்தக் கோட்டின் வழியே மூன்றில் ஒரு பங்கு தூரம் உள்ளே வந்தால் ஓர் இடம் கிடைக்கும். மருத்துவ மாணவர்கள் அதனை 'மக்பர்னி புள்ளி' என்பார்கள். குடல்வால் அழற்சி, அதாவது நாம் வழக்கமாக 'அப்பெண்டிசைட்டிஸ்' என்று சொல்லும் நோய், வந்தவருக்கு அவ்விடத்தில் விரலால் அழுத்தினால் தாங்க முடியாத வலி உண்டாகும்.

அந்தப் புள்ளிக்குக் கீழே என்னென்ன இருக்கின்றன? ஒரு சிறுவனின் வயிற்றில் குடல்வால், சிறுகுடலின் கடைசிப் பகுதி, பெருங்குடலின் தொடக்கம், சிறுநீரகத்திலிருந்து இறங்கி வரும் குழாய் ஆகியவை உள்ளன. ஒரு சிறுமியின் வயிற்றில் இவை யாவும் இருப்பதோடு, சில சென்டிமீட்டர் தூரத்திலேயே வலப்பக்கச் சூலகமும் கருக்குழாயும் உள்ளன. பன்னிரண்டு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பெண்ணுக்கு வலப்பக்க அடிவயிற்றில் திடீரென்று வலி எழுந்தால், குற்றவாளி குடல்வாலா, சூலகமா, வேறொன்றா என்று முடிவு செய்வது இதனால்தான் கடினமாகிறது. தவறினால் விளைவு சிறியதன்று. குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. சூலகம் முறுக்கிக்கொண்டதை அறியாமல் விட்டால் அந்தச் சூலகமே அழிந்துவிடும்.

இயற்பியல் கற்பிப்பவருக்கு வயிற்றுவலியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் நாம் எதிரொலி என்றும், டாப்ளர் விளைவு என்றும் படிக்கும் பாடங்கள்தாம் இந்தப் புதிரின் பெரும்பகுதியை அவிழ்த்தன. அந்தக் கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

பெயரில்லாத நோய்

1735-ஆம் ஆண்டு லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவர், குடலிறக்க நோயுற்ற பதினொரு வயதுச் சிறுவனுக்கு அறுவை செய்தார். இறங்கிய பைக்குள் குடல்வால் இருந்தது. சிறுவன் விழுங்கிய ஊசி ஒன்று அதைத் துளைத்திருந்தது. அமியாண்ட் அதனை அகற்றினார், சிறுவன் பிழைத்தான். பதிவாகியுள்ள முதல் வெற்றிகரமான குடல்வால் நீக்கம் இதுவே என்பர். ஆயினும் அது எதிர்பாராமல் நடந்ததே தவிர, நோயை முன்னறிந்து செய்ததன்று.

அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்த நோய்க்குச் சரியான பெயர்கூட இல்லை. பெருங்குடலின் தொடக்கப் பகுதியில்தான் அழற்சி தொடங்குகிறது என்று மருத்துவர்கள் நம்பினர். நோயாளிக்கு அபினி கொடுத்துப் படுக்க வைத்துக் காத்திருந்தனர். பலர் மாண்டனர்.

1886-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஜினால்டு ஃபிட்ஸ் என்ற நோயியல் அறிஞர், குடல்வாலில் துளை விழுந்த 257 நோயாளிகளின் விவரங்களை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தார். நோயின் வேர் பெருங்குடலில் இல்லை, அதில் தொங்கும் புழுப் போன்ற குடல்வாலில்தான் உள்ளது என்று நிறுவினார். 'அப்பெண்டிசைட்டிஸ்' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. காத்திருக்காமல் உரிய நேரத்தில் அறுவை செய்ய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1889-இல், நியூயார்க் நகரின் சார்லஸ் மக்பர்னி வலியின் உச்ச இடத்தை விரல்நுனி அளவுக்குச் சுட்டிக்காட்டினார்.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. நோயை முன்னறிந்து குடல்வாலை அகற்றியவர்களில் இங்கிலாந்தில் முதல்வராகக் கருதப்படும் லாசன் டெய்ட் ஒரு மகளிர் நோய் மருத்துவர். அவர் அதைச் செய்தது 1880-இல். அதே டெய்ட்தான் 1883-இல், கருக்குழாயில் கரு தங்கிக் குழாய் வெடித்த ஒரு பெண்ணை முதன்முதலாக அறுவையினால் காப்பாற்றினார். பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

ஓர் அரசரும் ஒரு மகளும்

இங்கிலாந்தில் குடல்வால் நோயைப் பற்றி மிகுதியாக எழுதியும் பேசியும் வந்த அறுவை மருத்துவர் சர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ். அவருடைய இளைய மகள் ஹெட்டி, 1900-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில், அதே குடல்வால் அழற்சியால் இறந்து போனாள். நாட்டிலேயே அந்நோயை நன்கறிந்தவரின் வீட்டிலேயே இது நிகழ்ந்தது. நோயின் கொடுமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1902 ஜூன் 26-ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடைபெற இருந்தது. உலகெங்கிலுமிருந்து விருந்தினர் லண்டனில் கூடியிருந்தனர். மன்னருக்கோ வலப்பக்க வயிற்றில் கடும் வலி. அறுவை செய்தே தீர வேண்டும் என்றார் டிரீவ்ஸ். ஜூன் 24 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து, கட்டியிலிருந்த சீழை வெளியேற்றினார். குடல்வாலை அகற்றவில்லை. மன்னர் தேறினார், ஆகஸ்டு 9-ஆம் நாள் முடி சூடினார்.

அரசரே பிழைத்த பிறகு அறுவை சிகிச்சை மீது மக்களுக்கு இருந்த அச்சம் குறைந்தது. ஆனால் தராசு மறுபக்கம் சாய்ந்தது. வலப்பக்க வலி என்றாலே வயிற்றைத் திறப்பது வழக்கமாயிற்று. திறந்து பார்த்தால் பலருடைய குடல்வால் நலமாகவே இருந்தது. நூறு அறுவைகளில் பதினைந்து இருபது வரை இவ்வாறு வீணாகிப் போவதை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அறுவை மருத்துவர்கள் குறையாகக் கருதவில்லை. 'தாமதித்தால் குடல்வால் வெடிக்கும். அதைவிட நல்ல குடல்வாலை இழப்பது மேல்' என்பது அவர்கள் கணக்கு. இளம்பெண்களிடையே இந்த வீண் அறுவையின் விகிதம் இன்னும் அதிகம். காரணம் நமக்குத் தெரிந்ததே: வலித்தது பக்கத்து வீடு, இடித்தது இந்த வீடு.

கேள்விகளின் கலை

கருவிகள் இல்லாத அக்காலத்தில் மருத்துவரின் கையும் காதும் கேள்விகளுமே கருவிகள். லண்டனைச் சேர்ந்த சக்கரி கோப் என்ற அறுவை மருத்துவர் 1921-இல் திடீர் வயிற்று நோய்களை முன்னதாகக் கண்டறிவது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் திருத்திய பதிப்புகளாக அது படிக்கப்பட்டு வருகிறது. வலி எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, வாந்தி முன்னா பின்னா என்று வரிசையாகக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது அவருடைய வழி.

இதற்கு உடலமைப்பில் காரணம் இருக்கிறது. குடலுக்குச் செல்லும் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாதவை. ஆகவே குடல்வால் வீங்கத் தொடங்கும்போது வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தோன்றுகிறது. சில மணி நேரம் கழித்து அழற்சி வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும், அச்சுவரின் நரம்புகள் இடத்தைச் சரியாக அறிவிக்கின்றன. வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குகிறது. வாந்தி பெரும்பாலும் வலிக்குப் பின்னரே வரும். சூலகம் முறுக்கிக்கொண்டாலோ வலி திடுமென ஒரு பக்கத்திலேயே தாக்கும்; வாந்தியும் அதோடு சேர்ந்தே வரும். மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்களில் முட்டை வெளிப்படும்போது எழும் வலி ஓரிரு நாளில் தானே தணியும். எனவே 'கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது?' என்ற கேள்வி, காய்ச்சல் உண்டா என்ற கேள்விக்குச் சற்றும் குறைந்ததன்று.

இன்னொரு நிலையும் உண்டு. வயது வந்தும் பூப்பெய்தாத பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிற்றில் வலி வரும். பிறவியிலேயே வெளிவழி மெல்லிய சவ்வினால் அடைபட்டிருக்க, மாதவிலக்கின் குருதி உள்ளேயே தேங்கி நிற்பதுதான் காரணம். ஒரு சிறு அறுவையில் இது முற்றிலும் குணமாகும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால், மாதங்கள் வீணாகும்.

கோப் ஒரு செய்தியில் பிற்காலத்தவரால் திருத்தப்பட்டார். நோய் இன்னதென்று முடிவாகும்வரை வலி தணிக்கும் மருந்து தரக் கூடாது, தந்தால் அறிகுறிகள் மறைந்துவிடும் என்றார் அவர். தலைமுறை தலைமுறையாக நோயாளிகள் துடித்துக்கொண்டே காத்திருந்தனர். 1980-களுக்குப் பின் நடந்த ஆய்வுகள், வலியைத் தணிப்பதால் நோயறிவது கெடுவதில்லை என்று காட்டின. இன்று அந்தப் பழைய தடை இல்லை.

கொதிகலன் தொழிற்சாலையில் ஒரு சோதனை

இனி நம் பாடத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ நகரிலுள்ள பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்கள் வந்தன. அவற்றில் இருந்தவை நோயாளிகளின் உடலிலிருந்து அறுத்தெடுத்த கருப்பைக் கட்டிகளும் சூலகக் கட்டிகளும். கொண்டு வந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு. உலோகத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியால் அறியும் கருவி அத்தொழிற்சாலையில் இருந்தது. போர்க்காலத்தில் விமானப்படையில் பணியாற்றியதால் ராடார், சோனார் பற்றி அறிந்திருந்த டொனால்டு, உலோகத்தில் விரிசலைக் காட்டும் ஒலி உடலில் கட்டியைக் காட்டாதா என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வாங்கித் தந்தனர். நீர் நிறைந்த கட்டி ஒரு விதமாகவும் கெட்டியான கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன.

கெல்வின் அண்டு ஹ்யூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் டாம் பிரவுன் இச்செய்தியைக் கேள்வியுற்று, தாமாகவே டொனால்டைத் தொலைபேசியில் அழைத்தார். ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்தார். ஒருமுறை, ஆற்ற முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் அவர்கள் ஒலியைச் செலுத்தினர். திரையில் தெரிந்ததோ நீர் நிறைந்த ஒரு பெரிய பை. அறுவை செய்தபோது அது சூலகக் கட்டி என்று தெரிந்தது, அகற்றினர், அவர் பிழைத்தார். 1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் மூவரின் கட்டுரை வெளிவந்தது. மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

இதில் உள்ள கணக்கு எளியது. உடலின் மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர். ஆகவே ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள பரப்பில் மோதித் திரும்பி வர ஒலிக்கு ஆகும் நேரம் 13 மைக்ரோ நொடி. 65 மைக்ரோ நொடியில் எதிரொலி வந்தால், மோதிய பரப்பு 5 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது. அதிர்வெண் நொடிக்கு 50 இலட்சம் என்றால் அலைநீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அலைநீளம் சிறிதானால் நுண்மையான விவரமும் தெரியும். ஆனால் அதிர்வெண் கூடக் கூடத் திசு அந்த ஒலியை அதிகமாக உறிஞ்சுவதால் ஆழம் குறைந்துவிடும். நுண்மையும் வேண்டும், ஆழமும் வேண்டும் என்றால் முடியாது.

இன்னொரு தடை காற்று. திசுவிலிருந்து காற்றுக்குள் ஒலி நுழைய முயன்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட ஆற்றல் திரும்பிவிடும். தோலின் மேல் களிம்பு பூசுவது இதற்காகவே. குடலிலுள்ள வாயுவும் இப்படித்தான் திரைபோல மறைத்துவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் டொனால்டின் குழு ஓர் எளிய வழி கண்டது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது வாயு நிறைந்த குடலை மேலே தள்ளிவிட்டு, ஒலிக்கு ஒரு நீர்ச் சன்னலாக அமைகிறது. அதன் வழியே கருப்பையும் சூலகமும் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்ணை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான். வயிற்றின் மேலிருந்தே பார்க்க முடிவதால் இளம்பெண்களுக்கு இது கூச்சமும் துன்பமும் தராத முறை. எக்ஸ்-கதிர்போல் அணுக்களை அயனியாக்குவதும் இல்லை.

அழுத்திப் பார்த்த டச்சுக்காரர்

சூலகம் தெரிந்தது, குடல்வால் மட்டும் வாயுவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 1986-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஜூலியன் பியூலார்ட் அதையும் வெளிக்கொணர்ந்தார். ஒலிக்கருவியின் முனையால் வலிக்கும் இடத்தை மெல்ல மெல்ல அழுத்தினார். அழுத்தத்தில் வாயு விலகியது. தோலுக்கும் குடல்வாலுக்கும் இடையேயுள்ள தூரமும் குறைந்தது. தூரம் குறைந்ததால் அதிக அதிர்வெண்ணைப் பயன்படுத்த முடிந்தது. நல்ல குடல் அழுத்தினால் தட்டையாகும். வீங்கிய குடல்வால் தட்டையாகாமல் நிற்கும். அதன் விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் வலுக்கிறது.

அதே 1986-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரெடோ ஆல்வரேடோ என்ற மருத்துவர், அறிகுறிகளுக்கும் இரத்தச் சோதனைக்கும் மதிப்பெண் தந்து, பத்துக்கு எத்தனை என்று பார்க்கும் முறையை வகுத்தார். பயனுள்ள முறைதான். ஆயினும் பெண்களுக்கு அது நோயை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று பின்னர் தெரிந்தது. சூலகம் தரும் வலிக்கும் அதே மதிப்பெண்கள் விழுகின்றன அல்லவா?

முறுக்கும் ஓட்டமும்

சூலகம் ஒரு காம்பில் தொங்குகிறது. அதில் நீர்க்கட்டி வளர்ந்து கனமானால் காம்பு முறுக்கிக்கொள்ளலாம். கட்டி இல்லாத சிறுமிகளுக்கும் இது நேர்வதுண்டு. வலப்பக்கத்தில்தான் மிகுதி என்பதால் குடல்வால் நோய்போல் ஏமாற்றும். முறுக்கும்போது என்ன நடக்கிறது? தமனியில் இரத்தத்தின் அழுத்தம் சராசரி 90 மில்லிமீட்டர் பாதரசம். சிரையில் அது மிகக் குறைவு, சுவரும் மெல்லியது. எனவே முறுக்கு முதலில் சிரையைத்தான் அடைக்கும். தமனி வழியே இரத்தம் வந்துகொண்டே இருக்க, வெளியேற வழியின்றிச் சூலகம் வீங்கும். வீக்கம் முற்றிய பின்னரே தமனியும் அடைபடும்.

1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களின் நிறத்தை விளக்க எழுதிய கொள்கை இங்கே துணைக்கு வருகிறது. ஓடும் இரத்த அணுக்களில் மோதித் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து ஓட்டத்தை அறியலாம். சூலகத்தில் ஓட்டமே இல்லை என்று தெரிந்தால் முறுக்கு ஏறத்தாழ உறுதி. ஆனால் ஓட்டம் இருப்பதாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. காரணத்தை நீங்களே இப்போது சொல்லிவிடுவீர்கள்: தொடக்கத்தில் தமனி திறந்தே இருக்கிறது, தவிர, சூலகத்துக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. கருவியின் விடையைக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முன்பெல்லாம் முறுக்கிக் கறுத்துப்போன சூலகத்தை அப்படியே வெட்டி எடுத்துவிடுவர். முறுக்கை அவிழ்த்தால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்று அஞ்சினர். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று பிற்கால அனுபவம் காட்டியது. கறுத்துத் தோன்றிய சூலகமும் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பெறுகிறது. 2019-இல் அமெரிக்க மகப்பேறு-மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி, இளம்பெண்களுக்கு முறுக்கை அவிழ்த்துச் சூலகத்தைக் காக்க வேண்டும் என்றே அறிவுறுத்தியது.

இந்த அறுவைக்கு வயிற்றை நெடுகத் திறக்க வேண்டியதில்லை. சிறு துளை வழியே குழாய்நோக்கியைச் செலுத்திப் பார்த்து, அங்கேயே சரிசெய்கிறார்கள். இம்முறையில் முதல் குடல்வால் நீக்கத்தை 1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் செய்தவர் குர்ட் செம். அவரும் ஒரு மகளிர் நோய் மருத்துவரே! அறுவை மருத்துவர்கள் பலர் அன்று அவரைக் கடுமையாக எதிர்த்தனர். இன்று உலகெங்கும் அதுவே வழக்கம்.

கருக்குழாயில் கரு தங்கியுள்ளதா என்பதையும் இப்போது விரைவில் அறியலாம். 1928-இல் பெர்லினில் அஷைம், சோண்டெக் இருவரும் அறிவித்த சோதனைக்கு எலிகளும் பல நாட்களும் வேண்டியிருந்தன. 1972-இல் ஜூடித் வைட்டுகைட்டிஸ் என்ற பெண் அறிவியலாரும் அவர் தோழர்களும், கருவுற்ற பின் சுரக்கும் ஹார்மோனை இரத்தத்தில் மிகச் சிறிய அளவிலேயே பிரித்தறியும் முறையைக் கண்டனர். இன்று சிறுநீரில் சில நிமிடங்களில் விடை கிடைக்கிறது. இளம்பெண்ணின் வயிற்றுவலியில் இச்சோதனை செய்வது அவள் ஒழுக்கத்தின் மீது ஐயம் அன்று. உயிர் காக்கும் முன்னெச்சரிக்கை.

நாம் செய்யத்தக்கது

ஒரு கசப்பான உண்மையையும் மறைக்க வேண்டாம். டொனால்டு தொடங்கிவைத்த அதே ஒலி நம் நாட்டில் கருவிலிருப்பது பெண் என்றறிந்து அழிக்கவும் பயன்பட்டது. அதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது, 2003-இல் இறுக்கப்பட்டது. ஸ்கேன் நிலையம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும் என்பதும், சுவரில் அறிவிப்புப் பலகை தொங்குவதும் அதனால்தான். பெண்ணைக் காக்க வந்த கருவி எதற்குப் பயன்படும் என்பதை இயற்பியல் முடிவு செய்வதில்லை. நாம் முடிவு செய்கிறோம்.

ஆகவே வாசகர்களே, வீட்டில் ஒரு பெண்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால், 'மாதாமாதம் வருவதுதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள். விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள். அழற்சியுற்ற குடல்வால் வெடிக்க அது வழிசெய்யும். திடீரென்று எழுந்து தணியாத வலி, வாந்தி, காய்ச்சல், மயக்கம், நடந்தால் கூடும் வலி என்றால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, கடைசி மாதவிலக்கு எந்நாள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அவளோடு தனியே பேச விரும்பினால் இடம் கொடுங்கள். உங்கள் முன்னே சொல்லத் தயங்குவதை அங்கே அவள் சொல்லக்கூடும்.

இதைப் படிக்கும் மாணவியருக்கும் ஒரு சொல். வலியை மறைப்பது பொறுமை ஆகாது. எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கேட்டதற்குத் தயங்காமல் விடை சொல்லுங்கள். அந்த விடை கிடைத்தால்தான் ஒலிமுனையை எங்கே வைப்பது, எதைத் தேடுவது என்று மருத்துவருக்குத் தெரியும்.